இரண்டு எம்.ஐ.டி.க்களும் ஒரு பல்லாவரம் கல்லும்

எம்.ஐ.டி. என்று சொன்னால் எது உங்கள் நினைவுக்கு வரும்? உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற கல்வி நிறுவனம். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு அது குரோம்பேட்டை. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. அப்துல் கலாம் 1950களில் விமானப் பொறியியல் படித்த இடம். ரெண்டுக்கும் எழுத்து மூணுதான், அதுவும் ஒரே மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். எழுத்துக்குப் பின்னால் இருக்கிற பொருள் தெரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் புறப்பட்டதுதான் செமாண்டிக் வெப். தமிழில் பொருளுணர் வலை என்று சொல்லலாம். அதை முன்னெடுத்த டபிள்யூ3சி அமைப்பை டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் தொடங்கியது அந்த இன்னொரு எம்.ஐ.டி.யில். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்குள்ளும் கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே பிரச்சினையைத் தமிழுக்காகக் கையிலெடுத்த ஓர் ஆய்வு மையம் இருந்தது. இந்தப் பதிவு அந்த இரண்டுக்கும் நடுவில் போகிற கதை. சில வருடமாகச் சேர்த்துவைத்த குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

பொருளுணர் வலை உலகத்துக்கு இரண்டு பெரிய வாக்குறுதிகள் கொடுத்தது. ஒன்று, உங்களுக்கு வேண்டிய சேவையை இயந்திரமே தேடிக் கண்டுபிடித்துத் தரும். இரண்டு, உங்களுக்கு வேண்டிய படத்தை, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே எடுத்துத் தரும். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் முதல் வாக்குறுதி, சொன்ன வடிவத்தில் செத்துவிட்டது. இரண்டாவது பிழைத்துக்கொண்டது. தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்

பொருளுணர் வலையின் அடிப்படைச் செங்கல் ஆர்.டி.எஃப். என்கிற முறை. டபிள்யூ3சி இதை 1999-ல் தன் பரிந்துரையாக வெளியிட்டது. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் ஆறாம் வகுப்பு இலக்கணம்தான். உலகத்தில் உள்ள எந்தச் செய்தியையும் மூன்று துண்டாக உடைத்து எழுது: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். "சௌரிமுத்து — நிறுவினார் — சானடோரியம்". "சானடோரியம் — அமைந்த இடம் — தாம்பரம்". "சானடோரியம் — தொடங்கிய ஆண்டு — 1928".

இதில் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு துண்டுக்கும் உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் வேண்டும். ஏன் என்பதற்கு சானடோரியமே நல்ல உதாரணம். டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைக்கு அரசு நெஞ்சக மருத்துவமனை. ஆனால் பேச்சில் "சானடோரியம்" என்பது ஒரு ரயில் நிலையமும்கூட. அந்த ஸ்டேஷனைச் சுற்றியிருக்கிற குடியிருப்புப் பகுதியும் சானடோரியம்தான். தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவரும் "சானடோரியத்துல இறங்கணும்" என்றுதான் சொல்வார். ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள். நமக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். இயந்திரத்துக்கு மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்தால்தான் உண்டு.

இப்படி உடைத்த வாக்கியங்களைக் கோத்தால் ஒரு வலை வரும். "காசநோய் மருத்துவமனை என்பது மருத்துவமனையில் ஒரு வகை" என்பது போன்ற விதிகளை எழுத ஓ.டபிள்யூ.எல். என்ற மொழி 2004-ல் வந்தது. அந்த வலையிடம் கேள்வி கேட்க ஸ்பார்க்கிள் என்ற மொழி 2008-ல் வந்தது. இந்த மாதிரி வகைகளையும் உறவுகளையும் முறைப்படுத்தி எழுதிய பட்டியலுக்கு ஆன்டாலஜி என்று பெயர்.

இது நமக்குப் புதுசா?

ஆன்டாலஜி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நிகண்டுதான் ஞாபகம் வந்தது. திவாகரம் பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருளை வைத்துப் பிரித்துக்கொண்டே போகும். பதினோராவது தொகுதி ஒரு சொல் பல்பொருள், அதாவது நம்ம சானடோரியம் பிரச்சினை. அதற்குத் தனியாக ஒரு தொகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். அகரவரிசை வருவதற்கு வெகு காலம் முன்பே, சொல்லை அதன் பொருளின் இடத்தில் போய்த் தேடுகிற பழக்கம் நமக்கு இருந்தது.

நவீன காலத்தில் இதைச் செய்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். அதே சில துண்டுகளைப் பூட்டி ஒரு முறை கிரேன், ஒரு முறை வண்டி. புத்தகங்களையும் ஏன் அப்படி வகைப்படுத்தக்கூடாது என்று யோசித்தார். அதன் விளைவாக 1933-ல் வந்தது கோலன் வகைப்பாடு.

அதுவரை இருந்த டியூயி முறையில் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். ரங்கநாதன் முறையில் தலைப்பை அதன் முகங்களாக உடைத்து, பிறகு கோக்கலாம். பாடப்புத்தகங்களில் வருகிற பிரபலமான உதாரணம் ஒன்று: 1950களில் இந்தியாவில் நடந்த, நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே வழியாகச் சிகிச்சை பற்றிய ஆராய்ச்சி. மருத்துவத்துக்கு எல், நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேக்கு 253, ஆராய்ச்சிக்கு எஃப், இந்தியாவுக்கு 44, காலத்துக்கு என்5. நடுவில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் எந்த முகம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும். சானடோரியத்து டாக்டர் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருந்தால், உலகத்தின் எந்த நூலகரும் அதன் எண்ணைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்றைக்கு ஆன்லைன் கடையில் "விலை, நிறம், அளவு, பிராண்ட்" என்று ஓரத்தில் டிக் அடித்துச் சலிக்கிறோமே, அது இந்த முகப் பகுப்பின் வாரிசுதான். ஆனால் இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேறு. ரங்கநாதனின் எண் தானாக முளைக்கவில்லை. ஒரு நூலகர் புத்தகத்தைத் திறந்து, படித்து, அது எதைப் பற்றியது என்று தீர்மானித்து எழுதினால்தான் அந்த எண் வரும். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் உண்டு. அடுத்து வாசகன் வந்து கேட்பான் என்ற நம்பிக்கையும் உண்டு.

முதல் வாக்குறுதி: சேவை

2001 மே மாதம் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸ்ஸிலா மூவரும் எழுதிய கட்டுரைதான் பொருளுணர் வலையை உலகறியச் செய்தது. அதில் ஒரு கதை. அண்ணன் தங்கை இரண்டு பேர். அம்மாவுக்கு பிசியோதெரபி தேவை. தங்கை தன் கையிலுள்ள மென்பொருள் முகவரிடம் சொல்கிறாள். அது டாக்டரின் முகவரிடம் சிகிச்சை விவரம் வாங்கி, வீட்டிலிருந்து 20 மைலுக்குள், இன்சூரன்ஸ் ஏற்கிற, நல்ல பெயர் வாங்கிய சிகிச்சையாளர்களைத் தேடி, இவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தோடு பொருத்திக் கொடுத்துவிடுகிறது.

இதை அப்படியே சேலையூருக்குக் கொண்டுவந்து பாருங்க. சிகிச்சையாளர் முடிச்சூரில் இருக்கிறார். நேர்க்கோட்டில் அளந்தால் பக்கம்தான். ஆனால் நடுவில் ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று வெட்டுகிறது. முட்டி வலிக்கிற அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப்போகிற சிரமம் மைல் கணக்கில் வராது. "இருபது மைலுக்குள்" என்ற விதியை எழுதுவது சுலபம். "தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்" என்பதையும் யாராவது எழுதிவைத்தால்தானே இயந்திரத்துக்குத் தெரியும்?

எழுதுவதற்கு ஏற்பாடுகள் நடக்காமல் இல்லை. 2000-ல் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து யு.டி.டி.ஐ. என்ற பொதுப் பதிவேட்டை அறிவித்தன. இணையத்தில் சேவை தருகிற நிறுவனங்களுக்கான டெலிபோன் டைரக்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கத்தில் பெயரும் முகவரியும், மஞ்சள் பக்கத்தில் தொழில் வகை, பச்சைப் பக்கத்தில் அந்தச் சேவையோடு மென்பொருள் எப்படிப் பேச வேண்டும் என்ற விவரம்.

அதற்குமேல் பொருளுணர்வைச் சேர்க்க வந்தது ஓ.டபிள்யூ.எல்.-எஸ். இது 2004 நவம்பரில் டபிள்யூ3சி-யிடம் சமர்ப்பிக்கப்பட்டது. ஒரு சேவை என்ன கேட்கும், என்ன தரும், அதற்கு முன் என்ன நிறைவேறியிருக்க வேண்டும், முடிந்தபின் உலகத்தில் என்ன மாறியிருக்கும் என்று நான்கையும் எழுதச் சொன்னது. அழகான யோசனை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு பொருத்தம் பார்க்கும் முறையும் கொடுத்தார்கள். நீங்கள் "காசநோய்ப் பரிசோதனை" கேட்கிறீர்கள். ஒரு மருத்துவமனை "நெஞ்சக நோய்ப் பரிசோதனை" என்று பதிந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு. ஆன்டாலஜியில் ஏறிப் பார்த்தால் காசநோய் நெஞ்சக நோய்க்குள் அடக்கம், ஆகவே இது உங்களுக்குப் பயன்படலாம் என்று இயந்திரம் சொல்லும். அச்சாகப் பொருந்துவது, உள்ளடங்குவது, ஒரு பகுதி மட்டும் பொருந்துவது, பொருந்தாதது என்று படிப்படியாக மார்க் போடும்.

இந்தக் காலத்தில் சென்னையின் பொறியியல் கல்லூரி வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கல்லூரிகள். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் தலைப்புகளில் "செமாண்டிக் வெப் சர்வீஸ் டிஸ்கவரி" அடிக்கடி கண்ணில் படும். செய்முறை விளக்கத்தில் எப்போதும் விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும்தான். இரண்டையும் மாணவரே எழுதி, அவரே பதிந்து, அவரே தேடிக் கண்டுபிடிப்பார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்களிலும் பெரும்பாலும் அதுதான் நடந்தது. தேடும் முறைக்குக் குறைவில்லை, தேடுவதற்கு உள்ளே சரக்கு இல்லை.

2006 ஜனவரியில் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், எஸ்.ஏ.பி. மூன்றும் தாங்கள் நடத்திவந்த பொது யு.டி.டி.ஐ. பதிவேட்டை மூடிவிட்டன. காரணம் எளிமையானது என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத இயந்திரம் ஒன்று என்றைக்கோ வந்து தேடும் என்பதற்காக, இன்றைக்கு உட்கார்ந்து தன் சேவையைப் பத்துப் பக்கம் விவரித்து எழுதுவதற்கு எந்த வியாபாரிக்கும் ஆதாயம் இல்லை. எழுதினாலும், கட்டணம் மாறும்போதெல்லாம் போய்த் திருத்த ஆள் இல்லை. பெரிய நிறுவனங்கள் நேரில் பேசி ஒப்பந்தம் போட்டுத்தான் ஒன்றோடொன்று இணைந்தன. சின்னக் கடைக்காரர் போர்டு மாட்டினார், நோட்டீஸ் கொடுத்தார்.

பின்னால் 2011-ல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற சின்னச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தன. உன் பக்கத்தில் கடையின் நேரத்தையும் முகவரியையும் இந்தச் சொற்களில் குறித்துவை, தேடல் முடிவில் அதைத் தனியாக எடுத்துக் காட்டுகிறோம் என்றன. இது பரவியது. எழுதுகிறவருக்கு மறுநாளே பலன் தெரிந்ததே, அதனால்தான். ஆன்டாலஜி என்று பார்த்தால் ஓ.டபிள்யூ.எல்.-எஸ். பக்கத்தில்கூட வராது, ரொம்ப எளிமை. ஆனால் ஜெயித்தது அதுதான்.

இரண்டாம் வாக்குறுதி: படம்

இப்போது படத்துக்கு வருவோம். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். சாதாரணக் கண்ணுக்குச் செதில் பெயர்ந்த குவார்ட்சைட் துண்டு. ஃபுட்டுக்கு அது மனிதன் கையால் செதுக்கிய கோடரி என்று தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

அந்தப் பல்லாவரம் கல்லின் படத்தை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? 1990களில் ஐ.பி.எம். உருவாக்கிய கியூபிக் போன்ற மென்பொருள்கள் படத்தின் நிறம், வடிவம், மேற்பரப்பு மூன்றையும் கணக்கிட்டு "இதைப்போல வேறு படம்" என்று தேடித் தரும். பழுப்பு நிறக் கல்லைக் கொடுத்தால் உருளைக்கிழங்கு போண்டாவும் வரலாம். 2000-ல் ஸ்மியூல்டர்ஸ் முதலிய ஐந்து ஆய்வாளர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தப் பள்ளத்துக்கு "பொருண்மை இடைவெளி" என்ற பெயரை நிலைக்கவைத்தது. படத்திலுள்ள புள்ளிகளிலிருந்து இயந்திரம் எடுப்பது ஒன்று. அதே படத்தில் மனிதன் காண்பது வேறொன்று. "முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட" என்பது அந்தக் கல்லின் எந்தப் புள்ளியிலும் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்றால், ஃபுட் எழுதிய பட்டியலில். தான் சேர்த்தவற்றை எந்த ஊர், எந்த மண், என்ன வகை என்று வரிசை எண் போட்டு எழுதிவைத்தார். சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் இறந்தபின் அந்தப் பட்டியல் 1914-ல் அச்சானது, குறிப்புகளும் 1916-ல் வந்தன. அந்த எழுத்து இல்லையென்றால் அவை வெறும் கல் மூட்டை.

தென்சென்னையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஐராவதம் மகாதேவன் 1977-ல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பு. முத்திரைகளில் உள்ள குறியீடுகளை 417 என்று வரையறுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். கிடைத்த இடம், பொருளின் வகை, நடுவில் உள்ள விலங்கு எல்லாவற்றுக்கும் குறியெண். படத்தை எண்ணாக்கி, கணினியில் ஏற்றி, எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று தேட முடிந்தது. பொருளுணர் வலை என்ற பெயர் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய வேலை இது. படிக்கத் தெரியாத எழுத்தையும்கூட, ஒழுங்காக விவரித்துவைத்தால் தேட முடியும் என்று காட்டியது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இயங்குகிற சிந்துவெளி ஆய்வு மையம் அந்த வேலையைத் தொடர்கிறது.

குரோம்பேட்டையில் நடந்தது

படத்தை விவரிக்கச் சொற்கள் வேண்டும். சொற்களுக்குள் உறவு தெரிய வேண்டும். தமிழில் இந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பம். "தாம்பரம்" என்று தேடினால், தாம்பரத்தில், தாம்பரத்துக்கு, தாம்பரத்திலிருந்து, தாம்பரத்தைத் தாண்டி என்று எழுதியதெல்லாம் வராது. எழுத்து மாறிவிட்டதே! ஆங்கிலத்துக்குச் செய்த தேடுபொறியை அப்படியே தமிழுக்குப் போட்டால் பாதி இணையம் கண்ணில் படாது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமும் தொழிலதிபர் கே.பி. சந்திரசேகரும் சேர்ந்து உருவாக்கிய ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இந்த வேலையைச் செய்தது. சொல்லை வேரும் விகுதியுமாகப் பிரிப்பது, வாக்கியத்தில் எது ஆள் பெயர், எது ஊர்ப் பெயர் என்று கண்டுபிடிப்பது போன்ற அடிப்படைக் கருவிகள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராசேந்திரனும் இந்த மையத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ் வேர்ட்நெட் ஒன்றை உருவாக்கி, 2002 ஜனவரியில் மைசூரில் நடந்த முதல் உலக வேர்ட்நெட் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். வேர்ட்நெட் என்பது நவீன நிகண்டு. ஒரே பொருளுள்ள சொற்களைக் கூட்டி, எது எதில் ஒரு வகை, எது எதன் உறுப்பு என்று கோடு போட்டு இணைப்பது.

2006-ல் மத்திய அரசின் நிதியில், மும்பை ஐ.ஐ.டி. தலைமையில் இந்திய மொழிகளுக்கான பன்மொழித் தேடல் திட்டம் தொடங்கியபோது, தமிழ்ப் பகுதியில் ஏ.யு.-கே.பி.சி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் இருந்தன. முதலில் எடுத்துக்கொண்ட துறை சுற்றுலா. கிண்டியில் டி.வி. கீதா, ரஞ்சனி பார்த்தசாரதி, மதன் கார்க்கி முதலியோர் அடங்கிய குழு, சொல்லுக்குப் பதில் கருத்தையும் உறவையும் அட்டவணைப்படுத்துகிற கோரி என்ற தேடுபொறியை உருவாக்கியது.

இவற்றில் எதையும் இன்றைக்கு நீங்களோ நானோ தினசரி பயன்படுத்துவதில்லை. அதனால் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு விஷயம் கவனிங்க. 2009-ல் வெளியான இமேஜ்நெட் என்ற படத்தொகுப்புதான் இன்றைய படம் பார்க்கும் செயற்கை நுண்ணறிவுக்குத் தொடக்கப்புள்ளி. ஃபெய்-ஃபெய் லீ குழுவினர் அதைக் கட்டியது ஆங்கில வேர்ட்நெட்டின் பெயர்ச்சொல் மரத்தின் மேல். படங்களை அந்தச் சொற்களின்கீழ் அடுக்கியவர்கள் இணையம் வழியாகக் கூலிக்கு வேலை செய்த ஆயிரக்கணக்கான மனிதர்கள். ஆக, இயந்திரம் "தானாக" நாயையும் பூனையையும் கற்றதன் அடியில், ஒரு நிகண்டும் ஏகப்பட்ட மனித உழைப்பும் கிடக்கிறது. அந்த நிகண்டு ஆங்கிலத்தில் இருந்ததால், இயந்திரம் முதலில் கற்ற உலகமும் ஆங்கிலத்தில் பெயருள்ள உலகம்.

ஒரு நடராஜர் வீடு திரும்பியது

விவரித்து எழுதுவதால் என்ன பெரிய பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. அதற்குத் தாம்பரத்திலிருந்து தெற்கே புதுச்சேரி வரை போக வேண்டும். அங்கே உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பில் 1,60,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. படம் மட்டும் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தம் என்ற குறிப்பும் கூடவே உண்டு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் கால நடராஜர் திருடு போனார். 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சிலை ஸ்ரீபுரந்தானுடையதுதான் என்று காட்டியதில் புதுச்சேரிப் புகைப்படங்களுக்கு முக்கியப் பங்கு. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் தானே கொண்டுவந்து ஒப்படைத்தார்.

இதில் யோசிக்க வேண்டியது என்ன? நடராஜர் வடிவம் ஒன்றுதான். தூக்கிய கால், திருவாசி, முயலகன். "இதைப்போல வேறு படம்" என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். எல்லாம் சரியான விடைதான், எதுவும் பயன்படாது. வழக்குக்குத் தேவை "இது எந்த ஊர் நடராஜர்" என்ற ஒரு வரி. சிலை கோயிலில் பத்திரமாக இருந்த காலத்திலேயே, யாரும் கேட்காதபோதே, ஒருவர் அந்த ஊர்ப் பெயரைக் குறித்து வைத்தார். அந்தப் படத்தின் பின்னால் "நடனமாடும் சிவன், வெண்கலம்" என்று மட்டும் எழுதி விட்டிருந்தால், நடராஜர் இன்னமும் கான்பராவில் இருந்திருப்பார்.

ஏன் இது பிழைத்தது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். சேவைத் தேடல், தன்னைப் பற்றி எழுத நேரமோ ஆதாயமோ இல்லாத வியாபாரியை நம்பியது. படத் தேடல் நூலகரை, அருங்காட்சியகத்துக்காரரை, தொல்லியல் ஆய்வாளரை நம்பியது. ஆன்டாலஜி வருவதற்கு முன்பும் விவரித்து எழுதுவதுதான் அவர்கள் தொழில். பொருளுணர் வலை அவர்களுக்குப் புது வேலை எதையும் கொடுக்கவில்லை. ஏற்கனவே செய்துவந்ததை அடுத்த வீட்டுக்காரனும் படிக்கிற மாதிரி எழுத ஒரு பொது மொழி கொடுத்தது. அருங்காட்சியகங்களுக்கான சிடாக் ஆன்டாலஜி 2006-ல் சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டது.

அவர்களோடு பின்னால் சேர்ந்துகொண்டவர்கள் விக்கிப்பீடியா தன்னார்வலர்கள். 2012 அக்டோபரில் விக்கிதரவு தொடங்கியது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பெயர். இரண்டு எம்.ஐ.டி.க்களுக்கும் இரண்டு எண், குழப்பம் தீர்ந்தது. 2019-ல் விக்கிமீடியா பொதுவகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் "இது எதைச் சித்தரிக்கிறது" என்று இந்த எண்ணைக் கொண்டே குறிக்கிற வசதி வந்தது. நீங்கள் ஒரு தூணின் படத்தில் யாளியின் எண்ணைக் குறித்துவிட்டால், அதே படம் தமிழில் தேடுபவருக்கும் பிரெஞ்சில் தேடுபவருக்கும் அகப்படும். சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பொருள் ஒன்றுதானே. 2001-ல் பேசிய கனவின் ஒரு பகுதி, ஆரவாரமே இல்லாமல் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

"இப்போதான் ஏ.ஐ. வந்துடுச்சே, படத்தைக் காட்டினா அதுவே சொல்லிடுமே" என்று கேட்கலாம். சொல்லும். கல்லைக் காட்டினால் கல் என்று சொல்லும், இப்போதெல்லாம் கைக்கோடரி என்றும் சொல்லலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம், வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள் என்று விவரித்துத் தரும். அது சானடோரியமா, எந்த வார்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் யார் என்று சொல்லாது. அது யாரோ எழுதியதைப் படித்துக் கற்றது. யாரும் எழுதாததை அது எங்கிருந்து கற்கும்?

தாம்பரம் இன்றைக்கு மாநகராட்சி. 2021-ல் பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. முப்பது நாற்பது வருடத்துக்கு முன் இங்கே ஏரி எங்கே இருந்தது, வயல் எங்கே இருந்தது என்று காட்டுகிற படங்கள் நம் வீட்டு ஆல்பங்களில்தான் கிடக்கின்றன. கல்யாணப் படத்தின் பின்னணியில், புது வீட்டு கிரகப்பிரவேசப் படத்தின் ஓரத்தில். அதைப் பார்த்து "இது ரோடு வர்றதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் பூரா தண்ணி" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

ஸ்கேன் பண்ணுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் பின்னால் பென்சிலால் நான்கு விஷயம் எழுதிவையுங்கள்: யார், எங்கே, எப்போது, பின்னால் தெரிகிறது என்ன. ஊர்ப் பெயரைத் தமிழில், அங்கே வழங்குகிறபடியே எழுதுங்கள். மூன்று துண்டாக உடைப்பதை, எண் கொடுப்பதை எல்லாம் பின்னால் வருகிறவர்கள் செய்துகொள்வார்கள்.